துரு அண்ணாச்சியின் கம்ப்யூட்டருக்கு வந்த சூடு

தூத்துக்குடியில் கடலைக் கண்டு பயப்படுகிறவர்கள் யாரும் கிடையாது. கடல்காற்றைக் கண்டு பயப்படுகிறவர் ஒரே ஒருவர் உண்டு. அவர்தான் எங்கள் துரு அண்ணாச்சி. ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கடற்கரைப் பக்கம் ஒரு மாடியில் அவருக்கு வீடியோ ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, மாதா திருவிழா எல்லாம் எடுப்போம். அவர் கேமரா, நான் எடிட்டிங். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன். பாலிடெக்னிக்தான் இவனை விட்டது என்று அண்ணாச்சி திருத்துவார்.

இரும்பு எங்கே இருந்தாலும் அவர் கண்ணுக்கு அது பாதி துருப்பிடித்துத்தான் தெரியும். பைக் சாவிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். ஷட்டருக்கு, குடைக் கம்பிக்கு, கேமரா ஸ்டாண்டுக்கு, கடைசியில் ஸ்டேப்ளருக்கும். அந்த ஸ்டேப்ளரால் அடித்த பில்லைக் கையில் வாங்கிய ஒருவர், "அண்ணாச்சி, இதுல வடைய வச்சிருந்தீங்களோ" என்று முகர்ந்து பார்த்தார்.

ஒரு கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டுகிற நேரம், வாடகை நாற்காலியின் காலில் துரு இருப்பது இவர் கண்ணில் பட்டுவிட்டது. கண் போன பக்கம் கேமராவும் போய்விட்டது. கெட்டிமேளம் முழங்க, அட்சதை மழையாய் விழ, அந்த வீடியோவில் ஒரு நாற்காலிக் கால் மட்டும் கம்பீரமாக நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, "அந்தச் சேருல ஒக்காந்தா வேட்டி கிழிஞ்சிரும்னு காட்டுனேன்" என்றார்.

அப்பேர்ப்பட்டவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் என்ன ஆகும்? அது வந்த நாளிலேயே பெட்டியின் ஓட்டைகளையெல்லாம் பிரவுன் டேப் போட்டு அடைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, அது சூடு வெளிய போறதுக்கு உள்ள ஓட்ட."

"ஓட்ட இருந்தா உப்பு நொழையும்லே."

"அதுக்கு மூச்சு முட்டும்லா."

"உள்ள என்ன ஆட்டுக்குட்டியா கெடக்கு, மூச்சு முட்ட?"

சண்டை போட்டு டேப்பையெல்லாம் நானே பிய்த்து எறிந்தேன். அவர் அதைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்கிற மனுஷன் இல்லையே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போன கல்யாண சீசனில் ஒரு நாள் ஷைனி என்கிற புதுப்பெண், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு கடைக்கு வந்தாள். அவள் புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறவன். அன்று சாயங்கால ரயிலைப் பிடித்து, மும்பை போய்க் கப்பல் ஏற வேண்டும். ஏறினால் திரும்பி வர ஒன்பது மாதம். கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் கையோடு கொண்டுபோக ஆசைப்பட்டான்.

"கப்பல்ல நெட்டு ஒழுங்கா கெடைக்காதாம் அண்ணாச்சி. இதையாவது பாத்துக்கிட்டு கெடப்பேன்னு அவிய சொன்னாவ" என்றாள்.

"அதுக்கென்ன தாயி, இந்தா முடிஞ்சிரும்" என்றார் அண்ணாச்சி. வெட்டி ஒட்டுகிற வேலையெல்லாம் முடிந்துதான் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்க்கும் கடைசி வேலையைக் கொடுத்தால், மெஷின் நாலு நாளாகப் பாதியிலேயே அணைந்துகொண்டிருந்தது. கரண்டு சரியில்லை என்று ஸ்டெபிலைசரை மாற்றிப் பார்த்திருந்தோம். வேறு கடைக்குப் போகலாமென்றால், சீசன் நேரத்தில் யாருடைய மெஷினும் சும்மா இல்லை.

அவள் முன்னாலேயே ஓட விட்டேன். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. பெட்டிக்குள் காற்றாடி மீன்லாரி மேடேறுவது போலக் கத்தியது. பட்டென்று திரை இருண்டது. ஷைனி என்னைப் பார்த்தாள், நான் அண்ணாச்சியைப் பார்த்தேன், அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியானால் கரண்டு மேல் தப்பில்லை.

திரும்பப் போட்டு, சூடு எவ்வளவு என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே பிராசஸர் கொதித்துக்கொண்டிருந்தது. அளவு மீறினால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும், பாவம். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டி முன்னால் வைத்து மறுபடியும் ஓடவிட்டேன். பாதி தாண்டி மறுபடியும் அணைந்தது.

"மீன்பிடி ஹார்பர்ல ஒரு பிளாஸ்டிக் பையில ஐஸ் வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஐஸுன்னா தண்ணிலே. தண்ணின்னா..."

ஷைனியின் போன் அடித்தது. "பேக்கு கெட்டியாச்சாம்" என்றாள். போனை வைத்தபின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

பெட்டியைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் எடுத்தேன். அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார். "தொறந்தா உப்புக்காத்து உள்ள போயிரும்லே."

"அண்ணாச்சி, அவியளுக்கு ரயிலு போயிரும்" என்றாள் ஷைனி. சத்தம் போடவில்லை. அண்ணாச்சி விலகிவிட்டார்.

முதல் திருகாணியே விரலில் வழுக்கியது. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். குப்பென்று முறுக்கு சுடுகிற வாசனை. நாலு நாளாக அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு அடுப்பை நினைத்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தவன் நான். பிராசஸர் மேல் சூட்டை இழுக்கிற அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்குமே, அந்த இடுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய். எண்ணெயில் தூசி அப்பி, தூசி மேல் நூலும் முடியும் அப்பி, காற்று நுழைய ஊசிமுனை இடமில்லை.

எனக்குப் பொய் சட்டென்று வரும். "யக்கா, கரண்டு ஏறி எறங்குனதுல உள்ள லேசா..." என்று ஆரம்பித்தேன்.

"பொய் சொல்லாதலே" என்றார் அண்ணாச்சி. "தாயி, நான் செஞ்ச வேல இது. டேப்ப பிச்சிட்டானேன்னு, இவன் டீ குடிக்கப் போன நேரம் பெரஷ்ஷால எண்ணெய தடவி உட்டேன். துருப்பிடிக்காம இருக்கட்டும்னு."

"அது அலுமினியம் அண்ணாச்சி. துருவே பிடிக்காது" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்தபின், எடுத்து வைத்திருந்த கிண்டலையெல்லாம் விழுங்கிவிட்டேன்.

மருந்துக் கடையில் ஸ்பிரிட்டும் பஞ்சும், கம்ப்யூட்டர் கடையில் பிராசஸர் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தப் போடுகிற பேஸ்ட்டும் வாங்க அவரே ஓடினார். நான் அந்த அலுமினியத் தகட்டைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசியைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் எண்ணெய் போகத் துடைத்தேன். அடியில் பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து கிடந்தது. அதையும் துடைத்து, புதுப் பேஸ்ட்டைப் பொட்டளவு வைத்து, தகட்டை அழுத்தி மாட்டினேன். நாலு மூலையும் சரியாக உட்கார்ந்ததா என்று இரண்டு தடவை பார்த்தேன். இதுவும் கைவிட்டால் வேறு வழி கிடையாது.

ஓடவிட்டேன். சூடு ஏறியது, பிறகு நின்றது. ஆனால் அடைத்துக் கிடந்த அறையே அடுப்பாக இருந்தது.

"ஜன்னல தொறக்கணும் அண்ணாச்சி. பொட்டியும் தொறந்தே கெடக்கணும்."

வாடகைக்கு வந்த நாளிலிருந்து திறக்காத ஜன்னல் அது. அவரே போய்க் கொண்டியைத் தட்டித் திறந்தார். கடல்காற்று நேரே உள்ளே வந்து பெட்டிக்குள் புகுந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு நின்றார், சொந்தக்காரருக்கு ஊசி போடுவதைப் பார்க்க முடியாதவர் போல.

கோடு முக்கால் தாண்டியது. போன் இரண்டு தடவை அடித்தது. "ஸ்டேசனுக்குக் கெளம்பிட்டாவளாம்" என்றாள் ஷைனி. ஒரு வழியாகக் கோடு முடிந்தது. பென்டிரைவில் ஏற்றுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. உருவி அவள் கையில் கொடுத்ததும், அண்ணாச்சி பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தார்.

இருட்டும் முன் தனியாகத் திரும்பி வந்தார்.

"குடுத்தாச்சா அண்ணாச்சி?"

"குடுத்தாச்சு. ரயிலு நகந்துட்டு. கூடவே ஓடி, ஜன்னல் வழியா குடுத்தா." ஸ்டூலில் உட்கார்ந்தார். "ரெண்டு வார்த்த பேச நேரமில்ல. அந்தப் புள்ளைக்குக் கடைசிப் பொழுது பூரா நம்ம மெஷினு முன்னாலயே போயிட்டுலே."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஷைனியிடம் காசும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பெரிய ஸ்டுடியோக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஏசி ரூம், புது மெஷின். நான் போகவில்லை. "ஏம்லே போகல?" என்று அண்ணாச்சி கேட்டார். ஏசி எனக்கு ஒத்துக்கொள்ளாது, சளி பிடிக்கும் என்று சொன்னேன். நம்பிவிட்டார். துரு விஷயம் தவிர யார் எதைச் சொன்னாலும் அவர் நம்பிவிடுவார், அவருக்குப் பொய் சொல்லவும் வராது. அதனால் அவர் பக்கத்தில் எப்போதும் ஒரு பொய்யன் இருக்க வேண்டியிருக்கிறது.