அறுபத்து மூன்று மஞ்சள் சீட்டுகள்

வீடு கட்டுமுன் வரைபடம் போடுகிறோம். இணையதளத்துக்கு மட்டும் ஏன் போடுவதில்லை என்று ஜனவரிக் காலையொன்றில் ரைண்டருக்குத் தோன்றியது. தோன்றிய வேகத்தில் மனைவி யெட்ஸ்கேயிடம் இருந்த ஒரே பச்சைப் பேனாவை எடுத்துக்கொண்டு, யோசிப்பதற்காகக் கால்வாய்க்கரைக்குப் போனார். யோசனை வந்தது. பேனா கால்வாய்க்குள் போனது.

யெட்ஸ்கே கோபப்படவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவளுடைய வாடகைப் படகுத்துறை ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி திறக்கும். அதற்குள் இணையதளம் தயாராக வேண்டும். போன வருஷம் துறை எப்போது திறந்திருக்கும் என்று தெரியாமல் பாதிப் பேர் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். இந்த வருஷமும் அப்படியானால் பதினொரு படகில் பாதியை விற்க வேண்டியதுதான்.

ரைண்டர் வரவேற்பறைச் சுவரில் அறுபத்து மூன்று மஞ்சள் சீட்டுகளை ஒட்டினார். ஒரு சீட்டுக்கு ஒரு பக்கம். உச்சியில் ‘படகின் தோற்றமும் வளர்ச்சியும்’. அடுத்து ‘துடுப்பு: ஒரு சிந்தனை’. நட்டநடுவில் ‘ரைண்டர்: வாழ்வும் எண்ணங்களும்’. ‘திறந்திருக்கும் நேரம்’ சோபாவுக்குப் பின்னால் போயிருந்தது.

யெட்ஸ்கே சோபாவை நகர்த்திப் பார்த்தாள். "இது ஏன் இங்க இருக்கு?"

"உனக்குப் புரியாது. நீ துறைக்குச் சொந்தக்காரி. எது எங்க இருக்கணும்னு வர்றவங்கதான் சொல்லணும். திட்டம் போடுறதுல அதுதான் முதல் பாடம்."

"வர்றவங்க சொன்னா மாத்திடுவியா?"

"கண்ணை மூடிக்கிட்டு மாத்துவேன்."

அவள் தலையாட்டினாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவர் அந்தத் தலையாட்டலுக்குப் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

மார்ச்சில் அவளுடைய பிறந்தநாள் வந்தது. விருந்தாளிகளுக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் யாராவது சுவரில் சாய்வார்கள், சீட்டு உதிரும் என்று சொல்லி, மொத்தத்தையும் கீழ்த்தளக் கழிப்பறைக்கு மாற்றினாள். ரைண்டருக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பிறந்தநாட்களைக் குறித்து வைக்கும் காலண்டரை இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அங்கேதானே மாட்டுகிறார்கள், வருகிறவர்கள் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கிற சுவர் வேறு எது என்று அவள் கேட்டதும் அவரே போய்ச் சீட்டுகளின் வரிசையைச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

பதினாலு பேர் வந்தார்கள். ஊர் வழக்கப்படி எல்லோரும் எல்லோரையும் வாழ்த்தினார்கள். வட்டமாக உட்கார்ந்து கேக்கும் காப்பியும் முடித்துக் கிளம்பினார்கள். மறுநாள் காலை கழிப்பறைக்குள் போன ரைண்டர் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

சீட்டுகள் இடம் மாறியிருந்தன. உச்சியில் ‘திறந்திருக்கும் நேரம்’. அதன் கீழே ‘படகு பதிவு’, ‘வாடகை’, ‘சைக்கிள் நிறுத்த’, ‘மழை வந்தால்’. அவ்வளவுதான். மற்றதெல்லாம் கதவுக்குப் பின்னால். ‘வாழ்வும் எண்ணங்களும்’ மட்டும் துடைக்கும் காகிதச் சுருளின்மேல் ஒட்டியிருந்தது.

முதலில் சுருக்கென்றது. பார்க்கப் பார்க்க வியப்பாகிவிட்டது. ஒரு சீட்டைக்கூட அசைக்க முடியாது. மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்காமல் இந்த ஊரில் எவன் படகில் கால் வைப்பான்? அவர் அதை அறுபத்தோராவதாக வைத்திருந்தார்.

"பாத்தியா?" என்றார் வெளியே வந்ததும். "இதுக்குத்தான் வர்றவங்களைக் கேக்கணும்ங்கிறது. உன்கிட்ட விட்டிருந்தா இப்படி வந்திருக்குமா?"

"எப்படி வரும்?" என்றாள் யெட்ஸ்கே, தட்டைத் துடைத்தபடி.

மூன்றே வாரத்தில் இணையதளத்தைக் கட்டி முடித்தார். ஐந்தே பக்கம். துறை திறப்பதற்கு முந்தின நாளே பதினொரு படகும் பதிவாகிவிட்டன. நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்ச்சில் பிறந்தநாளுக்கு வந்திருந்த அடுத்த வீட்டு ஹார்மனை வேலியருகே பிடித்து, சீட்டுகளை அடுக்கிய அழகுக்காகக் கை குலுக்கினார்.

"எந்தச் சீட்டு?" என்றான் ஹார்மன். "கீழ இருக்கிற கழிப்பறை ரிப்பேர்னு யெட்ஸ்கே எங்க எல்லாரையும் மாடிக்கில்ல அனுப்பினா."

ரைண்டர் மெல்ல வீட்டுக்குள் வந்தார். கோபப்பட்டுப் பார்த்தார், வரவில்லை. பதினாலு பேரின் மூளை என்று அவர் வியந்தது ஒரே தலைக்குள் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அந்தத் தலைக்கு எதிரே உட்கார்ந்துதான் காப்பி குடித்திருக்கிறார்.

போகட்டும், கட்டியது அவர்தானே. திறப்பு நாளையாவது தன் கையால் குறித்து வைக்கலாம் என்று கழிப்பறைக் காலண்டரிடம் போனார். அது மார்ச்சிலேயே நின்றது. ஏப்ரலில் அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் பிறந்தநாள் இல்லாததால் யாரும் புரட்டவில்லை. புரட்டினார்.

பன்னிரண்டாம் தேதியில் ஏற்கெனவே எழுதியிருந்தது: ‘துறை திறப்பு. இணையதளத்துக்காக ரைண்டரைப் பாராட்ட மறக்கக் கூடாது.’

பச்சை மையில். அந்தப் பேனா கால்வாய்க்குள் போனது ஜனவரியில், அவருக்கு யோசனை வந்த அன்றே.