நிரூபா இன்னும் ரீச்சர் ஆகாத விபரம்

டோர்செட் பார்க்,
ஸ்காபரோ.

பெருமதிப்புக்குரிய மாமாவுக்கு,

மருமகன் குலசிங்கம் பணிவுடன் எழுதுவது. நீங்களும் மாமியும் நல்லபடி இருக்க நல்லூரான் துணை. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. வட்ஸ்அப்பில் சொன்னால் உங்கள் மகள் நிரூபா பார்த்துவிடுவா என்பதால், நாளைக்கு ஊருக்கு வருகிற ஓராளிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

விசயம் இதுதான். இந்த ரீச்சர் ஆசையை விடச்சொல்லி நீங்கள் நிரூபாவுக்கு ஒரு சொல் சொல்லவேண்டும். ஊரில் அத்தனை வருசம் கணிதம் படிப்பித்தவ, இங்கே படிப்பிக்கச் சான்றிதழ் வேண்டுமென்று வந்த நாள்முதல் அலைகிறா. முதலில் ஆசிரியர் கலாசாலை அதிபரின் கையெழுத்துக் கேட்டார்கள். அவ படித்த காலத்து அதிபர் அமிர்தநாதர் எங்கள் கட்டடத்திலேதான் மேல்மாடியில் இருக்கிறார், லிஃப்டில் நெடுகச் சந்திக்கிறோம், ஆனால் இப்போது பதவியில் இல்லாதபடியால் அவருடைய கையெழுத்துச் செல்லாதாம். பதவியில் இருக்கிறவர் இவவைக் கண்ணாலும் கண்டதில்லை, அவருடையது செல்லுமாம். அதையும் எடுப்பித்து அனுப்ப, கணக்குச் சோதனை எழுதச் சொன்னார்கள். எழுதிப் பாஸ் பண்ணினா. பிறகு சோதனை தேவையில்லை என்று சட்டம் மாறியது. பிறகு திரும்பவும் தேவை என்று மாறியது, பழைய பாஸ் காலாவதியாம். கணக்கு எப்பவாவது காலாவதியாகுமோ மாமா? ரெண்டும் ரெண்டும் இஞ்சையும் நாலுதானே.

அதற்குப் பிறகு ஒரு குறுக்குவழி திறந்தது. அனுபவம் உள்ளவர்கள் ஒரு பாடம் நடத்திக் காட்டினால் போதும், பெரியவர்களுக்கு நடத்தினாலும் சரி என்றார்கள். கட்டடத்து மண்டபத்திலை எங்கடை சனத்தைப் பிடிச்சு இருத்தினம். பாடத்தைப் பார்த்துப் புள்ளி போட ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தா. நிரூபா உள்ளே வர, அமிர்தநாதர் உட்பட முழு வகுப்பும் எழும்பிக் கைகட்டி நிண்டுது. "இருங்கோ" எண்டு சொல்லுமட்டும் ஒருத்தரும் இருக்கேல்லை. கேள்வி இருக்கோ எண்டு கேட்டா, ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. ரீச்சரிட்டைக் கேள்வி கேக்கிறது மரியாதை இல்லையெண்டு அடிச்சு வளத்த சனம் எப்பிடிக் கேக்கும்? "மாணவர்கள் ஆசிரியருக்குப் பயப்படுகிறார்கள்" எண்டு எழுதி, பாஸ் இல்லை எண்டிட்டா அந்த அம்மா. நானும் முன்வரிசை வாங்கிலைதான் இருந்தனான், விளங்காத இடத்திலையும் தலையாட்டினனான்.

இன்னொருக்கால் செய்து காட்டுறம் எண்டு கேக்க, அந்தக் குறுக்குவழியை மூடிப்போட்டினமாம். இனிச் சம்பளமில்லாமல் ஒரு பள்ளிக்கூடத்திலை பயிற்சிக்கு நிக்கவேணுமாம். அவ வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை நிரந்தரமாக்கிறம் எண்டு கூப்பிடுகினம், அதை விட்டிட்டு உதுக்குப் போகப்போறாவாம். நான் வாய் திறந்தால், "பேசாமல் இருங்கோ, சட்டம் மாறும்" எண்டுறா. மாறும்தான் மாமா, எந்தப் பக்கம் எண்டுதான் தெரியேல்லை. குளியலறையிலை தண்ணியைத் திறந்து விட்டிட்டு அழுகிறா. எனக்குக் கேக்காதெண்டு நினைக்கிறா. இதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. நீங்கள் சொன்னால் விடுவா.

மாமியின் முழங்கால் நோவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். உங்கள் ஆசீர்வாதம் எங்களுக்கும், இங்கே சட்டம் எழுதுகிறவர்களுக்கும் வேண்டும்.

கீழ்ப்படிவுள்ள மருமகன்,
குலசிங்கம்

பி.கு.: உறையை ஒட்டமுதல் நிரூபா வேலையாலை வந்தா. "நான் விட்டிட்டன். அடுத்த மாசம் நிரந்தர வேலைக்குக் கையெழுத்து வைக்கிறன்" எண்டா. நான் கேட்டதுதான் நடந்திருக்கு, சந்தோசப்படத்தான் வேணும். ஆனால் அவ அழேல்லை மாமா. தேத்தண்ணி ஊத்தித் தந்திட்டு, நாளைக்கு என்ன கறி வைக்கிறது எண்டு என்னட்டைக் கேட்டா. கலியாணம் கட்டின நாள்முதல் அவ என்னட்டைக் கேட்டு ஒரு கறியும் வைச்சதில்லை. இது நான் கட்டின நிரூபா இல்லை. மேலே எழுதினது ஒண்டையும் கணக்கிலை எடுக்காதேங்கோ. இது கிடைச்ச உடனே போன் எடுத்து, விடக்கூடாது எண்டு அவவை ஏசுங்கோ. அந்தப் பயிற்சிக்கு நானே இப்ப இணையத்திலை அவவின்ரை பேரைக் குடுத்திட்டன். அவவுக்கு இன்னும் தெரியாது. சொல்ல எனக்குத் துணிவில்லை, நீங்கள்தான் சொல்லவேணும்.