தமிழ்த்துறையில் இரண்டு கோஷ்டி

மயூர் விஹார், டெல்லி
ஏப்ரல் 19

பாசமுள்ள ஏசுதாஸ் அண்ணனுக்கும் ஹெலன் மதினிக்கும் தங்கை பிலோமினா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே உங்கள் சர்க்கரையும் மதினியின் கோபமும் கட்டுக்குள் இருக்குமென்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நான் ஒன்று சொல்வதற்குள் மதினி பின்னாலிருந்து நாலு கேள்வி கேட்பார்கள் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில்: பாளையங்கோட்டைக்கே வந்துவிடுகிறேன். மே இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு. நம்ம ஊர் சிஸ்டர்கள் கல்லூரியில் எனக்காகச் சொல்லி வைத்த இடத்துக்குச் சரியென்று சொல்லிவிடுங்கள். மாடி அறைக்கு வெள்ளை அடிக்கலாம். பச்சை வேண்டாம், போன தடவை அடித்த பச்சையில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரியே இருந்தது. திடீரென்று என்ன இப்படி என்று கேட்பீர்கள். எங்கள் துறையை மூடப்போகிறார்கள் அண்ணே. இந்த ஒரு வருஷத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கல்லூரியில் பத்தொன்பது துறை. காமர்ஸில் நாற்பது வாத்தியார்கள். தமிழில் நான். பாலசுப்ரமணியம் சார் ரிட்டையராகிக் கோயம்புத்தூர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் இடத்துக்கு ஆளும் போடவில்லை, கதவிலிருந்து அவர் பெயர்ப்பலகையையும் கழற்றவில்லை. கழற்றச் சொல்லி ஐந்து முறை எழுதினேன். ஸ்க்ரூ துருப்பிடித்துவிட்டது என்று பதில் வந்தது. ஆகஸ்டில் அட்மிஷன் முடிந்தபோது மூன்று வருஷத்துக்கும் சேர்த்து நாலு பிள்ளைகள். அதில் இரண்டாம் வருஷத்தில் ஒரே ஒருத்தி, மஞ்சு. எங்கள் அபார்ட்மெண்டில் மூன்று வீட்டில் வேலை செய்கிறாளே பொன்னம்மாள், அவள் மகள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் டெல்லி என்பதால் தமிழை ஹிந்தி மாதிரிதான் பேசுவாள். ஆனால் சங்கப் பாட்டில் சந்தேகம் கேட்டால் எனக்கே வேர்த்துவிடும். அவர்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

செப்டம்பரில் புது உத்தரவு. ஒவ்வொரு துறையும் மாதாமாதம் கூட்டம் போட வேண்டும், நடவடிக்கைக் குறிப்பு எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும். போட்டேன். நானே நோட்டீஸ் விட்டு, நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டு, நானே வந்து உட்கார்ந்து, நானே தலைமை தாங்கி, நானே நன்றி சொல்லிக் கலைந்தேன். மூன்று மாதக் குறிப்பும் திரும்பி வந்தது. எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியிருக்கிறதே, கூட்டம் நடந்த மாதிரியே தெரியவில்லையே என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். ஆபீஸ் சூப்பிரண்டு திவாரிஜி நல்ல மனுஷன். “மேடம், தோடா, கொஞ்சமா டிஸ்கஷன் சேர்த்துடுங்க. எல்லா டிபார்ட்மெண்ட்லயும் அப்படித்தான்” என்றார்.

உங்களுக்கே தெரியும், எனக்குப் பொய் எழுத வராது. அந்தச் சமயம் பொங்கல் விழாவைப் பற்றி நிஜமாகவே எனக்குள் ஒரு தகராறு. திங்கள்கிழமை யோசித்தால் தைப்பொங்கலைத் தை முதல் தேதிதான் வைக்க வேண்டும் என்று தோன்றியது. வியாழக்கிழமை யோசித்தால், ஜனவரிப் பனிமூட்டத்தில் பானையே தெரியாது, பொங்கியதை யார் பார்ப்பது, பிப்ரவரிக்குத் தள்ளலாம் என்று தோன்றியது. அதை அப்படியே எழுதினேன். ‘ஓர் உறுப்பினர் பிப்ரவரி என்றார். மற்றோர் உறுப்பினர் இது மரபுக்கு விரோதம் என்று கடுமையாக ஆட்சேபித்தார். நீண்ட விவாதத்துக்குப் பின் பிப்ரவரி என முடிவாயிற்று. ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது.’ இந்தத் தடவை குறிப்பு திரும்பி வரவில்லை. அச்சா, ஒருவழியாகப் பாஸ் என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் பொங்கலும் வைத்தோம். பொன்னம்மாள் மூன்று வீட்டுக்கும் லீவு சொல்லிவிட்டு வந்து பொங்கினாள். காமர்ஸ் நாற்பது பேரும் வந்து தின்றார்கள். மறுவாரம் பியூன் இரண்டு கவரோடு வந்தான். ஒன்று எனக்கு. இன்னொன்று பாலசுப்ரமணியம் சாருக்கு. தமிழ்த்துறையில் உள்ள கருத்து வேறுபாட்டைத் தீர்க்கச் சமரசக் கமிட்டி அமைத்திருக்கிறார்களாம், இருவரும் தனித்தனியாக ஆஜராக வேண்டுமாம். அவர் கவரை நான் வாங்க மாட்டேன் என்றேன். சரி மேடம் என்று வெளியே போய்க் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான்.

நான் போனேன். பௌதிகத் துறை மல்ஹோத்ரா சார்தான் தலைவர். வயசானவர், குரலைத் தாழ்த்தி ரொம்ப அன்பாகப் பேசினார்.

“மேடம், பயப்படாமச் சொல்லுங்க. அவரோட என்ன பிரச்சினை?”

“சார், பிரச்சினையே இல்ல. துறையில நான் ஒருத்திதான்.”

“எல்லா கோஷ்டியும் இதைத்தான் சொல்றாங்க, டிபார்ட்மெண்டே நான்தான்னு. ஹிஸ்டரியிலயும் ரெண்டு பேரும் இதையேதான் சொன்னாங்க.”

“நிஜமாவே வேற ஆள் இல்ல சார்.”

“கதவுல பேர் இருக்கே மேடம்!”

பாலசுப்ரமணியம் சார் மூன்று தடவையும் ஆஜராகவில்லை என்பதால் அவர் ஒத்துழைக்க மறுக்கிறார் என்றும், பிலோமினா மேடம் பண்பாக நடந்துகொண்டார் என்றும் எழுதிக்கொண்டார்கள். திவாரிஜியிடம் போய் முறையிட்டேன். உண்மை அவருக்குத் தெரியும். ஆனால் ஃபைல் நகர ஆரம்பித்துவிட்டதாம், நகர்கிற ஃபைலை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லையாம். போகட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்தேன்.

இது கீழ்மாடிக் கதை. மேல்மாடியில் கல்விக் குழு என்று ஒன்று இருக்கிறது, அவர்கள் கணக்கில் தமிழ்த்துறைக்கு ஒரே ஒரு ஆசிரியைதான். ஒரே கட்டடத்தில் கீழே நான் இரண்டு பேர், மேலே ஒருத்தி. ஒற்றை ஆசிரியர் துறைகளை ஜூனோடு மூடுவது என்று மார்ச் கடைசியில் மேல்மாடிக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, நீங்கள் சொன்ன இடம் இருக்கிறது. மற்ற மூன்று பிள்ளைகளும் கடைசி வருஷம், முடித்துப் போய்விடுவார்கள். மஞ்சுவுக்குத்தான் கஷ்டம். வேறு பாடம் எடுத்து முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். மறுபடி மூன்று வருஷம் படிக்க வைக்கப் பொன்னம்மாளின் இடுப்பு தாங்காது.

அவளிடம் சொன்னபோது அழுவாள் என்று கைக்குட்டையோடு போனேன். “அச்சா மேம்” என்றாள். நோட்டைத் திறந்து காட்டி, “அப்போ இந்த அசைன்மெண்ட் பூரா பண்ணணுமா, வேண்டாமா?” என்று கேட்டாள். கைக்குட்டை எனக்குத்தான் தேவைப்பட்டது. முப்பது வருஷம் வேலை பார்த்தேன் அண்ணே, இந்த ஒரு பிள்ளையை மூன்றாம் வருஷம் வரைக்கும் கொண்டுபோய் விட முடியவில்லை. பிரின்சிபாலிடம் இரண்டு தடவை போய்க் கேட்டேன், ‘ரூல் மேடம், ரூல்’ என்று கையை விரித்துவிட்டார். சண்டை போட எனக்கு வராது. அதனால்தான் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டேன்.

புத்தகப் பெட்டி எட்டு முன்னாலேயே வரும், மழையில் நனைய விடாதீர்கள். மதினிக்கு சரோஜினி நகரில் இரண்டு ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறேன். பாளையங்கோட்டையில் எதற்கு என்று கேட்கக் கூடாது, நிறம் நன்றாக இருந்தது. உங்கள் இருவருக்கும் மாதா துணையிருப்பாள். பேரப்பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடுங்கள்.

இப்படிக்கு,
விரைவில் உங்கள் மாடிக்கு வரும் தங்கை,
பிலோமினா

பி.கு.: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். திவாரிஜி இப்போதுதான் போன் பண்ணினார். “மேடம், ஆப் பச் கயீ! தப்பிச்சிட்டீங்க!” சமரசம் நடந்துகொண்டிருக்கும் துறையை மூட ரூல் இல்லையாம். அதில் உள்ளவர்கள் ராஜினாமா செய்யவும் ரூல் இல்லையாம். இரண்டு உறுப்பினரும் நேரில் வந்து ராசியாகிவிட்டோம் என்று கையெழுத்துப் போடும்வரை எல்லாம் அப்படியே இருக்கும். உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டு பாலசுப்ரமணியம் சாரிடம் சிரித்துக்கொண்டே எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. “ஏம்மா, பிப்ரவரிலயா பொங்கல் வெச்சீங்க? நான் இருந்திருந்தா ஒத்துக்கிட்டே இருக்க மாட்டேன். அந்தப் புள்ள டிகிரி வாங்கற வரைக்கும் நான் வர மாட்டேன், கையெழுத்தும் போட மாட்டேன். எழுதிக்குங்க” என்றார். ஆகவே அண்ணே, டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிட்டேன். சிஸ்டர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். மாடி அறைக்குப் பச்சையே அடித்துக்கொள்ளுங்கள். மே மாதக் கூட்டத்துக்கு நோட்டீஸ் போட்டுவிட்டேன். விஷயம் ஒன்றுதான்: துறை அறைக்குப் புது ஃபேன் கேட்பதா வேண்டாமா. ஓர் உறுப்பினர் இப்போதே கடுமையாக எதிர்க்கிறார்.