மடக்கிப் போட்ட பசுந்தாள்

தக்காளிச் செடிகள் மறுபடியும் மஞ்சளடித்திருந்தன. கமா சார் கொல்லைப்புறத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலை இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது. அங்கே வைத்த பெயர் வீடுவரை வந்துவிட்டது.

"என்னங்க, மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அண்ணா கொத்தனாரோட வர்றாராம்" என்றாள் மனைவி.

மாடியில் குடியிருக்கும் மச்சானுக்குத் தன் புதுக் கார் தெருவில் நிற்பது பொறுக்கவில்லை. கொல்லையில் சிமெண்ட் போட்டு உள்ளே நிறுத்த வேண்டும். "அதுக்குள்ள இந்த மண்ணுல உருப்படியா ஏதாவது வளர்ந்தா, நான் சிமெண்ட் பேச்சையே எடுக்கல மாப்பிள்ளை" என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். கமா சாருக்கு அந்த மண் வேண்டும். ஆயுசு முழுக்க அடுத்தவர் எழுதியதைத் திருத்தியவருக்கு, தானே உண்டாக்கினேன் என்று காட்ட ஒரு தக்காளியாவது வேண்டும்.

"இத்தனை புத்தகம் படிக்கிறீங்க, ஒண்ணுலகூடவா தோட்டத்தைப் பத்தி வரல?"

"பிழை பார்க்கிறவன் விஷயத்தைப் பார்க்கக் கூடாது. விஷயத்துல மனசு போச்சுன்னா ஒற்று விட்டுப்போகும்."

வேளாண்மை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அதிகாரி பொறுமையான மனிதர்.

"மண்ணுல சத்து இல்ல சார். அதுக்காக மருந்தை வாங்கிக் கொட்டாதீங்க. பசுந்தாள் உரம் போடுங்க. மண்ணு தானா உயிர் பிடிக்கும்."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். "பசுந்தாள்னா என்னங்க?"

"பசுமை, தாள். பச்சைக் காகிதம். தமிழ் தெரியாதவங்களோட குடித்தனம் பண்றது ரொம்பக் கஷ்டம்."

"காகிதமா? எதுக்கும் இன்னொரு தரம் கேட்டுக்கோங்களேன்."

"மரத்துலேருந்து வந்ததுதானே? மண்ணுக்கே திரும்பப் போகுது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அச்சகத்தில் அட்டை வெட்டிய பச்சைத் துண்டுகள் மலையாகக் கிடந்தன. மூட்டை கட்டிக் கொண்டுவந்து, நனைத்து, செடிகளைச் சுற்றிப் புதைத்தார். சில நாளில் மிச்சமிருந்த பச்சையும் இலைகளை விட்டுப் போய்விட்டது.

"சார், பசுந்தாள் போட்டேன். இன்னும் மஞ்சளாயிடுச்சு!"

"அப்படி ஆகாதே. என்ன போட்டீங்க, சணப்பையா?"

சணப்பை என்று ஒரு செடி உலகத்தில் இருப்பதே கமா சாருக்குத் தெரியாது. "ஆமா சார், சணல் பையிலதான் கொண்டுவந்தேன்."

அதிகாரி அதைச் சணப்பை என்றே எடுத்துக்கொண்டார். "சரி... மடக்கி உழுதீங்களா?"

"மடக்கலையே! துண்டு துண்டா போட்டுட்டேன்."

"அதான் தப்பு. மடக்கி உழணும் சார்!"

கமா சார் தலையில் அடித்துக்கொண்டார். இந்த முறை முழுத் தாளாகவே கொண்டுவந்தார். அச்சகத்து வழக்கப்படி பதினாறு பக்கம் வருகிற மாதிரி ஓரம் பிசகாமல் மடக்கி, ஒவ்வொரு செடிக்கடியிலும் ஒன்றாகச் செருகினார். செருகிய வேகத்தில் பாதி செடி வேரோடு சாய்ந்தது. மனைவி கொல்லைப் படியில் நின்று பார்த்தாள்.

"சார், மடக்கியும் போட்டாச்சு. செடியெல்லாம் படுத்துடுச்சு!"

அதிகாரியின் குரலே தடுமாறியது. "வெயில் தாங்கல போலிருக்கு. மூடாக்கு போடுங்க. மண்ணு வெளியில தெரியக் கூடாது. காய்ஞ்சதா எது கிடைச்சாலும் போட்டு மூடுங்க."

கமா சார் சுற்றுமுற்றும் பார்த்தார். கொல்லை முழுவதையும் மூடுகிற அளவுக்குக் காய்ந்தது என்று ஒன்றுதான் இருந்தது. மச்சான் துவைத்துக் கொடியில் போட்டிருந்த கார் கவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் கொத்தனாரோடு இறங்கி வந்தார். அதே நேரம் வாசலில் ஜீப் நின்றது. "போன்ல கேட்டா எனக்கே தலை சுத்துது, நேர்லயே பார்த்துடலாம்னு வந்தேன்" என்றார் அதிகாரி. பின்னால் அவருடைய டிரைவர். வந்ததிலிருந்து கமா சாரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கார் கவர் ஏன் தரையில கிடக்கு?" என்றார் மச்சான்.

"மூடாக்கு, மச்சான்."

அதிகாரி கவரை விலக்கினார். குப்பென்று நாற்றம் வந்தது. மண்வெட்டியால் கிளறி, ஊறிப்போன பச்சைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"இது என்ன?"

"பசுந்தாள் சார். மடக்கினது."

அதிகாரி கொல்லைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயா, தாள்னா தண்டு! பயிரை விதைச்சு வளர்த்து, பூக்கிற நேரத்துல மண்ணோட சேர்த்து உழுதுவிடறதுதான் பசுந்தாள் உரம். மூடாக்குன்னா காய்ஞ்ச இலை, வைக்கோல். மண்ணு நல்ல மண்ணுதான். முதல்ல பசுந்தாள் விதைங்க, அப்புறம் தக்காளி வைங்க, பிச்சுக்கிட்டு வரும்." பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். "எல்லாம் இதுல இருக்கு. ஒரு தடவை படிச்சா, குழந்தைகூடத் தப்புப் பண்ணாது."

மனைவி அண்ணனைப் பார்த்தாள். மச்சானுக்கு மனசு இளகியது. கொத்தனாரை நிற்கச் சொன்னார்.

"சரி மாப்பிள்ளை, ஒரே ஒரு வாய்ப்பு. அந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டுச் செய்ங்க. படிச்சும் இப்படித்தான்னா, அன்னிக்கே சிமெண்ட்."

கமா சாருக்குக் கண் கலங்கிவிட்டது. மண் பிழைத்தது! புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். பழக்கதோஷம், விரல் வரிக்கு வரி ஓடியது. பக்கம் புரளப் புரள முகம் மலர்ந்தது.

"அடடா! ஒரு ஒற்றுகூடத் தப்பல. கமா எல்லாம் அதது இடத்துல இருக்கு. யாரு திருத்தினாங்களோ, மகா கெட்டிக்காரர்!"

டிரைவர் பளிச்சென்று சிரித்தார். "அதான் எங்கேயோ பார்த்த முகமா இருக்கேன்னு யோசிச்சேன்! நீங்கதானே சார்? அச்சாபீஸ்ல இந்தப் புத்தகக் கட்டைத் தூக்கிக் கொடுத்து, 'மூணு தடவை எழுத்தெண்ணிப் படிச்சிருக்கேன், தைரியமா எடுத்துட்டுப் போங்க'ன்னு சொன்னீங்களே!"