உள்ளே வராத டிராக்டர் மாமா

ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, ஒரு வாரம் தங்கி, அந்த வீட்டுக்குள் ஒரு காலைக்கூட வைக்காமல் திரும்பிப் போகிற வித்தை உலகத்திலேயே ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் எங்கள் டிராக்டர் மாமா.

அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பரளச்சியில் சொந்தமாக டிராக்டர் வைத்து ஊருக்கெல்லாம் உழுது கொடுப்பவர். பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. அதை யாரும் உபயோகிப்பதில்லை. எனக்கு மாமா, என் மகளுக்குத் தாத்தா முறை. ஆனால் அவளும் டிராக்டர் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

சண்டை எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் அருப்புக்கோட்டையை விட்டுக் கொஞ்சம் வெளியே, திருச்சுழி ரோட்டுப் பக்கம் ஒரு வீடு கட்டினார். பால் காய்ச்சும் நாள் குறித்தாயிற்று. பத்திரிகையும் அடித்தாயிற்று. அப்பா அந்தப் பத்திரிகையை ஒரு போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே கும்பிடுகிற பொம்மை ஒன்றையும் வைத்து, அழைப்பு வேலை முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

பரளச்சியில் பூகம்பம் வெடித்தது. "மூணாந் தெருக்காரனுக்கே வீடு தேடி வந்து வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறாக. பொண்டாட்டி கூடப் பெறந்தவனுக்குக் கும்புடுற பொம்மையா? முறையா அழைக்காத வீட்டு வாசப்படிய இந்தக் காலு மிதிக்காது!" என்று சொல்லிவிட்டு, மாமா அந்த நிமிஷமே குரூப்பை விட்டு வெளியேறினார்.

தாய்வீட்டுச் சீரை மட்டும் அவர் விடவில்லை. பால் காய்ச்சுகிற நாளில் அண்டா, குத்துவிளக்கு, அரிசி மூட்டை எல்லாவற்றையும் டிராக்டரில் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே இறக்கினார். இரண்டு தடவை ஹாரன் அடித்தார், போய்விட்டார். உள்ளே பால் பொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவும்தான்.

"ஒரு எட்டுப் போயி அழைச்சிட்டு வந்தா என்ன கொறஞ்சா போயிருவீக?" என்று அம்மா கேட்டதற்கு அப்பா சொன்ன பதில்: "என் சர்வீஸ்ல ஒரு தடவைதான் விசில் அடிச்சிருக்கேன். ஏறுறவன் ஏறட்டும். நிக்கிறவன் நிக்கட்டும்."

அந்த வருஷம் அரைப்பரீட்சை முடிந்து கிறிஸ்துமஸ் லீவு விட்டது. எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடுபவர் எவரும் இல்லை. ஆனால் அந்த லீவில் மொத்த உறவும் அம்மா வீட்டில் கூடவேண்டும் என்பது எழுதாத சட்டம். நான் சென்னையிலிருந்து கணவரோடும் மகளோடும் வருவேன். தங்கை திருப்பூரிலிருந்து. சித்தப்பா குடும்பம் பாலவனத்தத்திலிருந்து. மாமாவுக்கும் அப்போதுதான் ஓய்வு. மழைக்கு உழுது விதைத்தாகிவிட்டது, அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. வருஷா வருஷம் அவரும் வருவார். அந்த வருஷம் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

வந்தார். டிராக்டரோடும், பின்னால் கோத்த ட்ரெய்லரோடும் வந்து, கேட்டுக்கு எதிரே ரோட்டோரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். அம்மா ஓடிப் போய், "ஏலே, உள்ள வாடா" என்றாள்.

"வரமாட்டேன்க்கா."

"பின்ன எதுக்குடா வந்த?"

"லீவுக்கு வந்தேன்."

"லீவுக்கு வந்தவன் ரோட்டுலயா நிப்ப?"

"வீடுதான் மச்சானோடது. ரோடு கவர்மெண்டோடது" என்றார் மாமா.

இதில் அத்தையை நான் மறக்கவே முடியாது. மாமா பேசிக்கொண்டிருக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு அத்தை உள்ளே நடந்தாள். "சபதம் போட்டது அவுகதான? எனக்கென்ன வந்துச்சு? அண்ணே, சவுக்கியமா?" என்று அப்பாவை விசாரித்துவிட்டு நேரே ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

வெளியே மாமா குடித்தனத்தை ஆரம்பித்தார். ட்ரெய்லருக்கு மேலே தார்ப்பாய். உள்ளே கயிற்றுக் கட்டில், ஸ்டவ், சாமான்கள். குடிக்கிற தண்ணீர்கூட பரளச்சியிலிருந்து டிரம்மில் வந்திருந்தது. பொங்கல் நெருங்குகிற நேரம் என்பதால் போகிறவர்கள் வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "கரும்புக் கட்டு என்ன விலைண்ணே?" என்று கேட்டார்கள். முதல் நாள் பொறுமையாகப் பதில் சொன்ன மாமா, இரண்டாம் நாளில் இருந்து, "கரும்பு நாளைக்கு வருது" என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். மறுநாள் வந்து கேட்டவர்களுக்குப் பனங்கிழங்கு அவித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இரண்டே நாளில் வீடு காலியாகிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் ட்ரெய்லரில். நாட்டுக்கோழிக் குழம்பு வாசனைக்குச் சித்தப்பாவும் ட்ரெய்லரில். காற்று நன்றாக வருகிறது, சிக்னலும் கிடைக்கிறது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கணவரும் ட்ரெய்லரில். நாலு படுக்கையறை கட்டி விருந்தாளிகளை அழைத்த அப்பா, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார். நடுநடுவே, "கறி வெந்திருச்சாமா?" என்று யாரையும் குறிப்பிடாமல் சுவரைப் பார்த்துக் கேட்பார்.

சபதம் இப்படி ஒரு பக்கம் இருக்க, மாமாவைப் பிடித்து ஆட்டிய வியாதி வேறு. அது ஆர்வம். அந்த வீட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று தெரியாமல் மனிதருக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. அத்தையிடம் கேட்டால் கௌரவம் போய்விடும். எங்களிடம் கேட்டால் அப்பா காதுக்குப் போய்விடும். ஆகவே பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, அடுப்படி எங்கிட்டு இருக்கு?"

"ஹாலுக்குள்ள போயி, டைனிங் டேபிளைச் சுத்திப் போயி, திரும்பி, அப்புறம் இன்னொரு தடவை திரும்பினா வரும் மாமா."

"அப்ப கடேசில இருக்கு. காத்து வருமா? பேன் இருக்கா? அம்மாச்சி நின்னுக்கிட்டே சமைக்கிறாகளா, உக்கார எதும் இருக்கா? பாத்ரூம் தரை வழுக்குமா? மாடிப்படிக்குக் கைப்பிடி போட்ருக்கா?"

என் மகள் போனில் முழு வீட்டையும் வீடியோ எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். மாமா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "வேணாந்தா! அதப் பாத்தா உள்ள போன கணக்காயிரும்." கேட்கலாம், பார்க்கக்கூடாது என்பது அவர் சட்டம். கேட்டதை வைத்து ரோட்டோர மணலில் செங்கல் துண்டுகளை அடுக்கி ஒரு வீடு கட்டினார். ஹால், அறைகள், சாமி ரூம், கடைசியில் அடுப்படி. ஒவ்வொரு வருஷமும் வந்ததும் முதல் வேலை, மழையில் கலைந்த அந்த வீட்டைத் திரும்ப அடுக்குவதுதான். குச்சியை வைத்துக்கொண்டு, "ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா இப்பிடி வந்து இப்பிடிப் போகணும். எடையில இந்த நெலப்படி தட்டும்" என்று நடந்து பார்ப்பார். தன் வாழ்நாளில் மிதிக்கப்போவதில்லை என்று சபதம் போட்ட வீட்டில் ஒரு மனிதர் ஏன் தண்ணீர் குடிக்க எழுந்திருக்க வேண்டும் என்று நான் மண்டையை உடைத்துக்கொள்வேன்.

இப்படியே மூன்று கிறிஸ்துமஸ் லீவுகள். நாங்கள் சிரித்தோம், அம்மாவால் முடியவில்லை. தன் வீட்டில் தன் தம்பி ஒரு வாய் சோறு தின்னவில்லை என்பது அவளுக்கு ஆறாத புண். "நாங் கண்ண மூடுறதுக்குள்ள இந்த ரெண்டு கழுதைகளும் ஒரே பந்தியில உக்காரணும்" என்பாள். அம்மா எதற்கும் அழுகிறவள் இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் முந்தானையைத் தேடுவாள். எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வரும்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் அன்று காலை, குளிக்கப் போன அப்பா வெளியே வரவில்லை. பாத்ரூம் கதவின் பூட்டு உள்ளுக்குள் ஏதோ உடைந்து மாட்டிக்கொண்டது. திருகினால் சுற்றுகிறது, திறக்கவில்லை. கதவு வைத்த தச்சருக்குப் போன் போட்டேன். பின்னணியில் மாதா கோயில் மணி கேட்டது. "தங்கச்சி, இன்னைக்கு கிறிஸ்துமஸ்ஸும்மா! பூசையில இருக்கேன். சாயங்காலம் கேக்கோட வாரேன்" என்றார் அவர். "கேக்கு வேணாம்ணே, கடப்பாரையோட வாங்க" என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

கடப்பாரை டிராக்டரில் இருந்தது. சித்தப்பா போய் வாங்கி வந்து, முழு மூச்சாக ஓங்கித் தன் கால் விரலிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் கணவர், கதவை எப்படித் திறப்பது என்று போனில் வீடியோ தேடினார். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. அவருக்குச் சர்க்கரை வேறு. காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"மாமாவால ரெண்டு நிமிஷத்துல முடியும்" என்றாள் என் மகள்.

முடியும்தான். ஆனால் மாமா உள்ளே வரவேண்டுமே? கேட்டில் நின்று கெஞ்சினேன். மாமா டிராக்டரில் ஏறினார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று பார்த்தால், வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் விட்டு, ட்ரெய்லரைப் பாத்ரூம் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். ஏறி நின்றால் வென்டிலேட்டர் அவர் முகத்துக்கு நேரே வந்தது. உள்ளே அப்பா வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி, கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். இடுப்பில் துண்டு, தலையில் சோப்பு நுரை. மூன்று வருஷத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"கதவு மாட்டிக்கிருச்சு."

"கேள்விப்பட்டேன்."

"உள்ள வாங்க."

மாமா தொண்டையைச் செருமினார். "இது அழைப்பா, அவசரமா?"

அப்பா யோசித்தார். அந்த நிலையிலும் யோசித்தார் என்பதுதான் எங்கள் அப்பா. கடைசியில், "அழைப்புதான்" என்றார்.

"அழைப்புன்னா தட்டு எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமத்தோடு தாம்பாளத்தைக் கொண்டுவந்துவிட்டாள். எப்போது எடுத்து வைத்தாளோ தெரியாது. நாங்கள் அதை ட்ரெய்லருக்கு மேலே தூக்கிக் கொடுத்தோம். தாம்பாளம் வென்டிலேட்டருக்குள் நுழையவில்லை. ஆகவே அப்பாவின் கை மட்டும் வெளியே வந்து, துழாவி, தட்டைத் தொட்டு, மாமா பக்கமாக நகர்த்தியது.

"புது வீடு பால் காய்ச்சுறோம் மாப்ள. அவசியம் குடும்பத்தோட வந்துருங்க."

"குடும்பம் உள்ளதான் இருக்கு மச்சான். நான் ஒருத்தன்தான் பாக்கி" என்று சொல்லி மாமா தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சந்திலிருந்து சுற்றி வந்து, செருப்பைக் கழற்றி, வாசல்படியைத் தொட்டுக் கும்பிட்டு, வலது காலை வைத்து உள்ளே நுழைந்தார். பாத்ரூம் இடது பக்கம். கடப்பாரை இடது பக்கம் கிடந்தது. அப்பாவின் கூப்பாடும் இடது பக்கமிருந்துதான் வந்தது. மாமா வலது பக்கம் திரும்பினார். ஹாலைப் பார்த்தார். "இம்புட்டுதானா? புள்ளைக பெருசா சொல்லுச்சுகளே!" டைனிங் டேபிளைச் சுற்றினார். ஒரு தடவை திரும்பினார், இன்னொரு தடவை திரும்பினார். அடுப்படிக்குள் போய் நின்றார்.

"அக்கா, இங்ஙனதான் நிப்பியா?"

"ஆமாடா."

அம்மா நிற்கும் இடத்தில், அடுப்புக்கு முன்னால் தானும் போய் நின்று பார்த்தார். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கேட், ரோடு, மூன்று வருஷமாக அவர் டிராக்டர் நின்று எண்ணெய் ஒழுகிய கறுப்புத் தடம், செங்கல் துண்டில் கட்டிய வீடு. பிள்ளைகள் சொன்ன வழியில் இரண்டு தடவை திரும்பியதில் அடுப்படி மறுபடி முன்பக்கத்துக்கே வந்திருக்கிறது. மாமாவின் கணக்கு தவறிவிட்டது.

"அடியாத்தீ! இது அந்தக் கறுப்புக் கண்ணாடி ஜன்னலுல்ல? ஸ்டோர் ரூம்னுல்ல நெனச்சேன்! இதுக்கு முன்னாலதான தெனமும் பல்லு வெளக்குனேன்!"

"தெரியும்டா. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள இருந்து பாத்தா எல்லாம் தெரியும்."

"சொல்லவே இல்லையேக்கா!"

"சொன்னா வெக்கப்பட்டு வண்டிய அங்கிட்டுத் தள்ளி நிப்பாட்டிருவ" என்றாள் அம்மா. "மூணு வருசமா நீ தின்னுட்டுக் கை கழுவுறத இங்ஙன நின்னு பாத்துட்டுத்தான் நான் தட்டுல சோறு போட்டுக்கிட்டேன்."

மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்விகளையெல்லாம் நான் அப்போதுதான் திரும்ப நினைத்துப் பார்த்தேன். காற்று வருமா, உட்கார இடம் உண்டா, தரை வழுக்குமா, படிக்குக் கைப்பிடி இருக்கிறதா. அந்த மனிதர் வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை, எல்லாம் அம்மாவைப் பற்றித்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"மாப்ளே! அழைச்சது என்னத்துக்கு? வீடு சுத்திப் பாக்கவா?" என்று பாத்ரூமிலிருந்து ஒரு கர்ஜனை.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே நெம்பு, கதவு கையோடு வந்துவிட்டது. வெளியே வந்த அப்பா முதலில் ஒரு வாழைப்பழத்தைத் தின்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். அன்று மத்தியானம் இரண்டு கழுதைகளும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினாள். மாமா மூன்று வருஷத்துச் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் சாப்பிட்டார். சாயங்காலம் தச்சர் சொன்னபடியே கேக்கோடு வந்தார். கதவு இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, அவரே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இந்த வருஷ லீவுக்கு, அப்பா பரளச்சிக்கே பஸ் ஏறிப் போய்த் தட்டு வைத்து அழைத்தார். மாமாவுக்கென்று ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ஃபேன் எல்லாம் தயாராக இருந்தன. மாமா வந்தார். டிராக்டரில்தான் வந்தார். பழைய இடத்திலேயே, அதே எண்ணெய்த் தடத்தின் மேல் நிறுத்தினார்.

"இப்பத்தான் சண்டை இல்லையே மாமா. பேசாம பஸ்ஸுல வந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வரலாம்தான். அக்கா அடுப்படியில நிக்கையில பாக்குறதுக்கு ஜன்னல்ல ஏதாச்சும் வேணும்ல?"