மல்யுத்த வரலாறும் மாமன் மடியும்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். ஷார்ஜா முவைலாவில் ஒரு லீவுக்காக முப்பது வருஷ மல்யுத்தத்தையும் தலையில் தூக்கிச் சுமந்த மனுஷன் கதை சொல்கிறேன். சிரிப்பு வரவில்லையென்றால் என்னைக் கேளுங்கள்.

கொத்தனார் அம்மையப்பனின் லீவு விண்ணப்பத்தை மேனேஜர் மணிமாறன் இரண்டாம் முறையும் திருப்பிவிட்டார். ஊரில் தங்கை மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். மடியோ முவைலா தொழிலாளர் கேம்பில் மாட்டிக்கொண்டிருந்தது.

அதே ரூமில் இருந்த யாழ்ப்பாணத்து ஆனந்தராசா வழி சொன்னான். டிவியில் வாராவாரம் மல்யுத்த நிகழ்ச்சி வருகிறதே, மேனேஜர் எதிரே வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றியே விசாரிக்கிறாராம். அதைப் பேசினால் கையெழுத்து விழும். அம்மையப்பன் அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனந்தராசாவோ அதன் முப்பது வருஷ வரலாற்றையும் கரைத்துக் குடித்தவன்.

"அண்ணை, ஆர் ஆரை முதுகில குத்தினவன் எண்டு மட்டும் ஞாபகம் வையுங்கோ. மிச்சம் தானா வரும்."

வந்தது. நிகழ்ச்சி சின்ன மண்டபத்தில் தொடங்கியது, கூட்டாளியே நாற்காலியால் அடித்தது, பட்டத்து பெல்ட் களவு போனது என்று அம்மையப்பன் எடுத்துவிட, மேனேஜர் டீ வரவழைத்துக் கேட்டார். லீவைப் பற்றிப் பேசினால், "மீதியச் சொல்லிட்டுப் போங்கண்ணே, யாரு வேணாங்கறா?" என்றார்.

ஆறே வாரத்தில் முப்பது வருஷமும் தீர்ந்துபோனது. மேனேஜர் விடவில்லை. வேறு வழியில்லாமல், தன் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடந்த வாய்க்கால் சண்டைக்கு இங்கிலீஷ் பெயர் வைத்து மேடையேற்றினார் அம்மையப்பன். அது இன்னும் பிடித்துப்போய், வாரம் இரண்டு நாள் வரச்சொல்லிவிட்டார் மேனேஜர். ஊரில் காதுகுத்து மூன்று முறை தள்ளிப்போனது. மழலைகூடத் திருந்தாமல் இருந்த மருமகள், மாமா எப்போது வருவீர்கள் என்று போனில் தெளிவாகக் கேட்டாள்.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"சார், அந்த நிகழ்ச்சிய நான் ஒருநாளும் பாத்ததில்ல. ஒரு மாசமா சொன்னதெல்லாம் எங்க பெரியப்பா கதை."

மேனேஜர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த மண்வெட்டியோட உள்ள பாஞ்சவரு?"

"அது சித்தப்பா சார்."

மேனேஜரின் முகம் வெளுத்தது. உடனே லீவுத்தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நாளைக்கே கிளம்ப வேண்டும், இதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கதவு வரை வந்து அனுப்பிவைத்தார்.

வெளியே, ஆபீஸில் டீ போடும் மீராசா சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார்.

"அவரும் பாத்ததில்லண்ணே. முதலாளிக்குத்தான் அந்தப் பைத்தியம். நீங்க சொன்னத அப்படியே அவர்கிட்ட ஒப்பிச்சு, நேத்துதான் மேனேஜர் தன்னோட லீவ வாங்கினாரு."

கேட்ட உங்கள் வீடுகளில் நல்ல காரியம் எதுவும் தள்ளிப்போகாதிருக்கட்டும். வரவேண்டியவர்கள் நேரத்துக்கு வந்து சேர்ந்து, வாசல் நிறையச் செருப்பு கிடக்கட்டும் கண்ணுகளா.