டிரக்கிங் மாப்பிள்ளை

உடன்குடியில் இருக்கும் மரியாதைக்குரிய அத்தான் பேச்சிமுத்து அவர்களுக்கு, திருவொற்றியூரிலிருந்து மைத்துனன் இசக்கிப்பாண்டி எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் இங்கே தங்கபுஷ்பமும் மகள் ராமசெல்வியும் நலம். நான் இடுப்புக்கு மேலே நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். நலமாக இருந்தால்தான் இனி நான் எழுதப்போவதைத் தாங்க முடியும்.

போன் இருக்க இதென்ன கடுதாசி என்று கேட்பீர்கள். போனில் திட்டினால் "டவர் கெடைக்கல மாப்ளே" என்று வைத்துவிடுவீர்கள். மேலும் இத்தனை வினையும் வந்ததே அந்தப் போனால்தான். போன மாதம் நம் செல்விக்கு ஒரு வரன் என்று கூப்பிட்டு என்ன சொன்னீர்கள்? "பையன் பேரு சங்கரநாராயணன், நம்ம பக்கத்து ஆளுதான், தண்டையார்பேட்டையில இருக்கான், கம்பெனி வேலைய விட்டுட்டு இப்ப சொந்தமா டிரக்கிங் பண்ணுதான்" என்றீர்கள். டிரக்கிங். எனக்குக் காது இரண்டும் நல்ல காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவனிடம் வந்து மாப்பிள்ளை டிரக்கிங் என்றால் அவன் என்ன நினைப்பான்? பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைப்பான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற டிரெய்லர்களில் பாதி நம் மாப்பிள்ளையுடையது, அத்தனைக்கும் தார்ப்பாய் நம் கடையில்தான் என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே கனவு கண்டுவிட்டேன்.

நானும் விசாரிக்காமல் இல்லை. பையனிடமே பேசினேன். வாரத்துக்கு எத்தனை ட்ரிப் என்றேன். "சனி, ஞாயிறு ரெண்டு ட்ரிப் மாமா" என்றார். எந்த லைன் என்றேன். "பெரும்பாலும் ஆந்திரா பார்டர்." பெர்மிட் எல்லாம் உண்டா என்றேன். "பெர்மிட் இல்லாம கால் வைக்கவே மாட்டேன்." ஓவர்லோடு ஏற்றுகிற பழக்கம் உண்டா என்று கேட்டதற்கு, "அதுல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட் மாமா. ஓவர்லோடு ஏத்துனா இறக்கத்துல முட்டி போயிரும்" என்றார். புது வண்டிகளில் முட்டி என்று ஏதோ பாகம் வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பையன் பேச்சில் பொறுப்பு இருந்தது, எனக்குப் பிடித்துப்போயிற்று. "வர்ற ஞாயிறு நீங்களும் ஒரு ட்ரிப் வாங்க மாமா, நேர்லயே பாருங்க" என்றதும் சரி என்றேன்.

வண்டி பார்ப்பது என்றால் டயர் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் அல்லவா, அதனால் பக்கத்துப் பஞ்சர் கடை சௌக்கத் அலியையும் கூட்டிக்கொண்டேன். காற்று அளக்கிற கேஜைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று கடையிலேயே உசத்தியான தார்ப்பாய் ஒன்றைச் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, மாப்பிள்ளைக்கு அன்பளிப்பாக எடுத்துக்கொண்டேன். டிரைவர், கிளீனர் எல்லாரும் சாப்பிடட்டும் என்று தங்கபுஷ்பம் ஒரு பெரிய தூக்கு நிறைய எலுமிச்சைச் சாதம் கொடுத்தாள். செல்வி தானும் வருவேன் என்றாள். அவள் மட்டும் தடித்த ஷூ போட்டுக்கொண்டு வந்தாள். லாரி ஷெட்டில் ஆணி கிடக்கும், பெண்ணுக்கு என்ன முன்யோசனை என்று மெச்சிக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் போய் இறங்கினால் சங்கர் ஒரு வேனோடு நிற்கிறார். வேன் முழுக்க முதுகில் பையோடு பிள்ளைகள். லோடுமேன்கள் படித்தவர்களாக இருக்கிறார்களே என்று ஏறி உட்கார்ந்தேன். வேன் ஆந்திர எல்லை தாண்டி ஒரு காட்டோரமாக நின்றது. சௌக்கத் இறங்கிச் சுற்றும்முற்றும் பார்த்தான். "இன்னா அண்ணாச்சி, ஒரு வண்டியும் காணோம். மலதான் கீது." அதற்குள் சங்கர் ஆளுக்கொரு குச்சி கொடுத்தார். குச்சி எதற்கு என்றேன். ஏறுவதற்கு என்றார். எதில் என்றேன். அவர் மலையைக் காட்டினார்.

"அப்ப டிரக்கிங்?" என்றேன்.

"ட்ரெக்கிங் மாமா" என்றார்.

அந்த ஒரு எழுத்தில் என் டிரெய்லர்கள் அத்தனையும் முங்கிப்போயின.

அங்கேயே மனதுக்குள் சம்பந்தத்தை முறித்துவிட்டேன் அத்தான். ஊரான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை ஏறி இறங்குவதும் ஒரு தொழிலா? இருப்பது ஒரே பெண். அவளை ஒரு குச்சிக்காரனுக்குக் கொடுக்கவா இத்தனை வருடம் புழுதியில் உட்கார்ந்து கயிறு விற்றேன்? முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் திரும்புவது என்று வாயைத் திறப்பதற்குள் கூட்டம் நடக்கத் தொடங்கிவிட்டது. சரி, நடந்துகொண்டே சொல்வோம் என்று பின்னாலேயே போனேன். அது தப்பு. ஏற்றத்தில் ஒருவன் சுவாசிக்கலாம், இல்லாவிட்டால் சம்பந்தத்தை முறிக்கலாம், இரண்டும் சேர்ந்து நடக்காது.

"தம்பி, இந்தச் சம்..." என்றேன். மூச்சு முட்டியது.

"சமதளம் இதோ வந்துரும் மாமா" என்று தண்ணீரை நீட்டினார்.

"வேண்டாம்" என்றேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

"தண்ணி வேண்டாம்னா குளுக்கோஸ் இருக்கு மாமா" என்றார்.

இப்படி எத்தனை தடவை முறித்தேன் என்று எனக்கே தெரியாது, ஒன்றுகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. சௌக்கத் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "காத்து ஃபுல்லா எறங்கிக்கினு கீது அண்ணாச்சி, வால்வ்லயே லீக்கு" என்றான். செல்வியோ ஆட்டுக்குட்டி போல முன்னால் ஏறிக்கொண்டே, "அப்பா, அடுத்த வளைவுல ஒரு சுனை வரும், அங்க உக்காரலாம்" என்றாள். சொன்ன இடத்தில் சுனை வந்தது. இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவும் என்னிடம் காற்று இல்லை.

இதில் அந்தத் தார்ப்பாய் வேறு. வேனிலேயே கிடக்கட்டும் என்று சொல்லியிருந்தேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் சங்கர் தோளில் இருக்கிறது. எதற்கு என்றேன். "எனக்குன்னு கொண்டாந்திருக்கீங்க, வேன்ல போட்டுட்டு வந்தா நல்லாருக்காது மாமா" என்றார். அது என்ன கனம் என்று தினம் ஏற்றி இறக்குகிற எனக்குத் தெரியும். ஒரு இடத்திலும் அவர் அதைத் தரையில் வைக்கவில்லை.

ஒருவழியாக உச்சிக்குப் போனோம். மொட்டைப் பாறை. கீழே பழவேற்காட்டு ஏரி தகடு போலப் பளபளக்கிறது, அதற்கு அப்பால் கடல். தெற்கே ரொம்பத் தூரத்தில் குச்சி நட்டது மாதிரி எண்ணூர் புகைபோக்கிகள். "அதாண்ட தான் நம்ம கட கீது" என்று சௌக்கத் கைகாட்டினான். இத்தனை வருடம் அண்ணாந்தே பார்த்த புகைபோக்கியை முதல் தடவையாகக் குனிந்து பார்த்தேன். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது அத்தான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நெடுஞ்சாலையில் லாரி போவதுகூட எறும்பு போலத்தான் தெரிந்தது, அதைப் பார்த்தும் கடை ஞாபகம் வரவில்லை. தார்ப்பாயை விரித்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைக் காலி செய்தோம். சௌக்கத் யாருடைய தண்ணீர் பாட்டிலையோ தாளம் தட்டிப் பாடினான். எனக்கு மூச்சும் திரும்பி வந்துவிட்டது. இப்போது சொல்லலாம் என்று பார்த்தால் சொல்ல வந்த பேச்சைக் காணோம்.

இறங்கும்போதுதான் முட்டி என்பது எந்தப் பாகம் என்று தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் மக்கர் செய்துவிட்டன. சங்கர் பதறவில்லை. தார்ப்பாயை மடித்து, இரண்டு கம்பைச் செருகி, என் கயிற்றாலேயே கட்டி, என்னைத் தூக்கி அதில் போட்டுவிட்டார். முடிச்சை மட்டும் நான் படுத்தபடியே சரிபார்த்தேன், தொழில் விட்டுப்போகுமா. பின்பக்கத்தைச் சௌக்கத்தும் ஒரு பையனும் பிடிக்க, முன்பாரம் முழுக்கச் சங்கர். "ஃபுல் லோடு வருது, சைடு குட்து நில்லு" என்று சௌக்கத் வழியெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தான். நான் விற்கிற தார்ப்பாயில் நானே சரக்காக வந்தேன். ஒரு கண்ணிகூடப் பிய்யவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அடிவாரத்தில் இறக்கிவிட்டு, சட்டை நனைய நின்றுகொண்டு, "எங்கயாவது இடிச்சதா மாமா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏற்றின சரக்கைச் சேதமில்லாமல் கொண்டுபோய் இறக்குகிறவன்தான் லாரிக்காரன். அதற்கு வண்டி எதற்கு? என்னையே இவ்வளவு பத்திரமாக இறக்கியவர் என் பெண்ணைக் கடைசி வரைக்கும் கொண்டு சேர்ப்பார்.

ஆகவே எனக்குப் பூரண சம்மதம். பையன் வீட்டில் சொல்லி நாள் பாருங்கள். ஆனால் உங்கள் உச்சரிப்பால் என் முட்டி இரண்டும் போனதற்கு நீங்கள்தான் ஜவாப்தாரி. நிச்சயத்துக்கு வரும்போது அபராதமாக உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம் கொண்டுவர வேண்டியது. அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும். இப்போதைக்கு என்னால் குனிய முடியாது.

இப்படிக்கு,
மைத்துனன்
இசக்கிப்பாண்டி

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டச் சொல்லிச் செல்வியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "உடன்குடி மாமா மேல தப்பில்லப்பா. டிரக்கிங்னு சொல்லச் சொன்னதே நான்தான். மலை ஏறுறவர்னு சொல்லியிருந்தா நீங்க வாசலோட அனுப்பியிருப்பீங்க" என்கிறாள். அனுப்பியிருப்பேன்தான். ஞாயிற்றுக்கிழமையானால் ஆபீசில் ஆடிட் என்று போனாளே, அந்த ஆடிட் எல்லாம் அந்த மலையில்தான் நடந்திருக்கிறது. சங்கருக்கு இந்தச் சதி தெரியாதாம், கேட்டதற்கு உண்மையாகவே பதில் சொல்லியிருக்கிறார். நீங்கள்கூட மாட்டேன் என்றுதான் சொன்னீர்களாம், அக்காதான் அதட்டிச் சொல்லவைத்தாளாம். ஆகவே மேலே உங்களைத் திட்டியது அத்தனையும் அக்காவுக்குப் போய்ச் சேர வேண்டியது. அக்காவைத் திட்ட எனக்குத் தைரியம் போதாது என்பதால் தயவுசெய்து நீங்களே வைத்துக்கொள்ளவும். அடுத்த ஞாயிறு எல்லாரும் கேம்பிங் போகிறோமாம், சௌக்கத் ஷூகூட வாங்கிவிட்டான். கேம்பிங் என்றால் என்ன என்று இந்தத் தடவையாவது அக்காவுக்குத் தெரியாமல் எனக்கு எழுதிவிடுங்கள். தார்ப்பாய் கொண்டுவரச் சொல்லியிருப்பதால் ஏதோ லோடு விஷயம்தான் என்று நினைக்கிறேன்.